இருபது டபிள்யூ ஆயிலும் ஆறு வெள்ளைப் பட்டைகளும்

அப்பா ஓட்டிய 100 சிசி வண்டியின் முன்ஃபோர்க்கோடு, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும், உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும் உள்ள குழாய்களோடு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வேகத்தடை ஏறி இறங்கினால் முன்பக்கம் மூன்று தடவை தலையாட்டிவிட்டுத்தான் அடங்கும். பிரேக்கை அழுத்தினால் மூக்கு தரையை முத்தமிடப் போகும். தெருமுனை மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "திக்கான ஆயில் ஊத்து தம்பி, சரியாயிடும்."

முதல் ஞாயிறு. ஃபோர்க்கைக் கழற்றிக் கவிழ்த்தால் வந்தது ஆயில் இல்லை, கருப்புக் கஷாயம். அதுவும் கையேட்டில் சொன்ன அளவில் பாதிக்குச் சற்று மேல். தலையாட்டலுக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. வண்டியைத் தாங்குவதும் குழியின் அடியை வாங்குவதும் ஸ்பிரிங்தான். ஆனால் வாங்கியதை அது அப்படியே திருப்பி உதைக்கும். அந்த உதையை அடக்குவது ஆயிலின் வேலை. சின்னத் துளைகள் வழியாக ஆயில் பிதுங்கிப் போகும்போது அசைவெல்லாம் சூடாக மாறிவிடுகிறது. ஆயில் குறைந்தால் காற்றும் கலந்து நுரைக்கும். நுரைக்கு ஏது அடக்கும் சக்தி?

கழுவித் துடைத்து 10 டபிள்யூ ஆயில் ஊற்றினேன். டபிள்யூ எண் கூடக்கூட ஆயில் திக்காக இருக்கும். ஃபோர்க் பைப்பில் ஒரு கேபிள் டை கட்டினேன். ஃபோர்க் எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு தூரம் டை தள்ளப்பட்டு நிற்கும். இரண்டு ரூபாய்ச் சாமான், ஆனால் இதைவிட நேர்மையான கருவி என்னிடம் இல்லை. தெரு வேகத்தடையில் 30 கி.மீ. வேகத்தில்: 88 மி.மீ. முழு ஓட்டமே 110தான். தலையாட்டல் ஒன்றரைத் தடவையாகக் குறைந்திருந்தது.

இரண்டாம் ஞாயிறு, அண்ணன் சொன்னபடி 20 டபிள்யூ. அதே வேகத்தடை, அதே வேகம்: 61 மி.மீ. தலையாட்டலே இல்லை. வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்வரை நான்தான் ஊரிலேயே பெரிய இன்ஜினியர்.

அப்புறம் மெயின் ரோட்டில், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வரிசையாகப் போட்டிருக்கும் ஆறு வெள்ளைப் பட்டைகளின் மேல் போனேன். ஹேண்டில்பாரில் கை மரத்துப்போனது. டையைப் பார்த்தால் 66! 10 டபிள்யூவில் இதே பட்டைகளுக்கு 52தான். பெரிய மேட்டில் குறைவாக இறங்கிய ஃபோர்க், விரல் கனப் பட்டைகளில் அதிகமாக இறங்கியிருக்கிறது. அளந்ததில்தான் தப்பு என்று நான்கு தடவை போய்வந்தேன். எதிர்ப் பெட்டிக்கடைக்காரர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

தப்பு அளவில் இல்லை. இந்த வகை ஃபோர்க்கில் அமுங்கும்போது ஆயில் போகப் பெரிய துளைகள், திரும்பி நீளும்போது சிறிய துளைகள். திக்கான ஆயில் அந்தத் திரும்பும் வேகத்தை ரொம்பவே இழுத்துப் பிடித்துவிட்டது. முதல் பட்டையில் அமுங்கிய ஃபோர்க் முழுசாக நிமிர்வதற்குள் இரண்டாவது பட்டை வந்துவிடுகிறது. அங்கே இன்னும் கொஞ்சம் அமுங்குகிறது. ஆறாவது பட்டைக்குள் படிப்படியாக உள்ளே உட்கார்ந்துவிடுகிறது. துளையின் அளவு மாறாது என்பதுதான் இந்த வடிவமைப்பின் கோளாறு. ஆயில் இரண்டு மடங்கு வேகத்தில் பாய்ந்தால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது நடக்கும் மெதுவான அமுங்கலுக்குப் போதாது, கூர்மையான குழிக்கு அதிகம். விலை கூடிய ஃபோர்க்குகளில் மெல்லிய வாஷர் தகடுகள் அழுத்தத்துக்கேற்ப வளைந்து வழிவிடும், காசு அதற்குத்தான்.

மூன்றாம் ஞாயிறு இரண்டு ஆயிலையும் சரிபாதி கலந்தேன். இரண்டும் ஒரே கம்பெனி ஆயில். ஆளுக்கொரு கம்பெனி டப்பாவை வாங்கி டபிள்யூ எண்ணை மட்டும் நம்பிக் கலக்காதீர்கள், ஒருவருடைய 10 இன்னொருவருடைய 15 போல இருக்கும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் திக்கை அளக்கும் அலகு) என்று பார்ப்பதே சரி. கலவையை ஊற்றி டையைப் பார்த்தால் வேகத்தடைக்கு 74 மி.மீ., பட்டைகளுக்கு 54. மூக்கு குத்துவது மட்டும் பாக்கி. அதற்கு ஆயில் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்தினேன். மேலே அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். இடம் குறைந்தால் கடைசி நேரத்தில் நன்றாக எதிர்க்கிறது.

அண்ணன் ஒரு ரவுண்டு போய்வந்தார். "முன்னாடி ஓகே. பின்னாடிதான் இப்ப குதிக்குது." உண்மைதான், முன்பக்கத்தின் ஆட்டத்தில் அது தெரியாமல் இருந்திருக்கிறது. பின் ஷாக்கைக் கழற்றி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் கையால் இழுத்தேன். இடதுபக்கம் கெட்டியாக வந்தது. வலதுபக்கம் சைக்கிள் பம்ப் மாதிரி சர்ரென்று வந்தது. பிரித்துச் சரிசெய்யும் வகை இல்லை, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். புதுசு வந்ததும் செங்குத்தாகப் பிடித்துப் பத்துத் தடவை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் மாட்டப்போகிறேன். கேபிள் டை கட்ட அதில் இடம் இல்லை, அளக்க வேறு வழி யோசிக்க வேண்டும்.