வருக, பெங்கா

யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறேன். ஸ்பெயின்காரர் அடிக்கடி வருவதால் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினேன். அதில் ஒரு வினைச்சொல் எனக்குப் பெரிய பாடம் படிப்பித்தது.

நெடுந்தீவு மட்டக்குதிரைகளைப் பார்க்க ஒரு தம்பதி ஆசைப்பட்டார்கள். குறிகட்டுவானில் காலைப் படகைப் பிடிக்க வேண்டும். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு என்று வாகனத்தில் போக ஒரு மணித்தியாலம் பிடிக்கும். முதல் நாள் இரவு அந்த அம்மாவிடம், "உங்கட கணவரை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கோ" என்று சொல்ல நினைத்து, "தீகலே கே பியெனே" என்று தொடங்கினேன். காலையில் ஆறரை மணியாகியும் ஆளைக் காணவில்லை. மேலே போய்க் கதவைத் தட்டினால், இருவரும் வெளிக்கிட்டு, மடியில் பையோடு கட்டிலில் இருக்கிறார்கள். நான் சொன்னது "ஆறு மணிக்கு வருவார் என்று சொல்லுங்கோ" என்றாகிவிட்டது. தமிழைப் போலவே ஸ்பானிஷிலும் எழுவாயை விட்டுவிடலாம். அதனால் றைவர் வந்து கூப்பிடுவார் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர, படகு போய்விட்டது. அன்று பின்னேரமே அவர்களுக்குக் கொழும்புக்குப் பயணம். எனக்கு இன்றைக்கும் அது மனவருத்தம்தான்.

சொல்ல வேண்டியது 'பெங்கா'. (ப ஒலி 'பஸ்'ஸில் வருவதுபோல.) 'நான் வருகிறேன்' என்பதற்கு 'பெங்கோ'. அதன் கடைசி ஓகாரத்தை ஆகாரமாக்கினால் 'பெங்கா'. நடப்பதைச் சொல்ல 'பியெனே'. நடக்கட்டும் என்று விரும்பினாலோ கேட்டாலோ 'பெங்கா'. எந்தெந்த இடத்தில் இது வரும் என்று ஆங்கிலப் புத்தகத்தில் இருந்த பட்டியலை நான் பாடமாக்கியிருந்தேன். வாயைத் திறக்கும்போது அது உதவவில்லை. ஏனென்றால் நான் ஆங்கிலத்தில் யோசித்து ஸ்பானிஷில் பேசினேன். தமிழில் யோசித்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. 'வருவார் என்று சொல்லு' வேறு, 'வரச் சொல்லு' வேறு என்பது நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்புறம்தான் பள்ளிக்கூடத்தில் படித்த வியங்கோள் வினைமுற்று நினைவுக்கு வந்தது. வருக, சொல்க, செய்க. அங்கே பெங்கா, தீகா, ஆகா. இரண்டு மொழிக்கும் உறவில்லை, ஒலி ஒத்துப்போனது தற்செயல். எல்லா வினைக்கும் இது பொருந்தவும் பொருந்தாது. ஆனாலும் மனதில் நிற்க எனக்கு இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை. 'வாங்கோ' என்று மரியாதையாக அழைப்பதற்கும் அதே 'பெங்கா'தான். 'கே பெங்கா' என்றால் 'வரட்டும்'.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. 'படகு வரும்போது' என்று நாங்கள் பொதுவாகச் சொல்லிவிடுவோம். அவர்களோ வழக்கமாக வருவதற்கு 'குவாந்தோ பியெனே', இனித்தான் வரப்போவதற்கு 'குவாந்தோ பெங்கா' என்று பிரிக்கிறார்கள். இந்த இடத்தில் இப்போதும் ஒரு கணம் நின்று யோசித்துத்தான் பேசுகிறேன்.

போன மாதம் இன்னொரு தம்பதி வந்தார்கள். அதே பயணம், அதே ஆறு மணி. "தீகலே கே பெங்கா" என்றேன். அந்த அம்மா படிக்கட்டடியில் நின்றபடியே மேலே பார்த்துக் கூப்பிட்டார்: "கே பெங்காஸ்!" ('நீ' என்று பேசும்போது 'பெங்கா' இப்படி மாறும்.) எங்கள் வீட்டில் அம்மா என்னிடம், "அப்பா உன்னை வரட்டாம்" என்று சொல்வது அப்படியே காதில் கேட்டது.