ஒரே மேசையில் இரண்டு தாள்கள்

என் மகள் பிறப்பதற்கு ஆறு வாரங்களுக்கு முன், நானும் அவள் தாயும் ஜெர்மனியில் நாங்கள் வசித்த ஊரின் இளையோர் நலத்துறை அலுவலகத்துக்குச் சென்று, பிறக்கப்போகும் குழந்தையின் தந்தை நான்தான் என்று ஒரு தாளில் கையொப்பமிட்டோம். நாங்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை என்பதால் அந்தத் தாள் தேவைப்பட்டது. அதே மேசையில், கட்டணம் ஏதுமின்றி, குழந்தையைப் பற்றிய முடிவுகளை எடுக்கும் பொறுப்புரிமையை இருவரும் சேர்ந்து ஏற்பதாக உறுதிகூறும் இன்னொரு தாளிலும் கையொப்பமிட்டிருக்கலாம். முதல் தாள் என்னைத் தந்தையாக்குமே தவிர, குழந்தையின் மீதான பொறுப்புரிமையைத் தராது என்பது, மகளுக்கு நான்கு மாதமானபோது நாங்கள் பிரிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அலுவலர் சொல்லாமல் இல்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தவன் நான்.

திருமணமாகாத பெற்றோர் இருவரும் சேர்ந்து அந்த இரண்டாவது உறுதிமொழியைத் தராவிட்டால், பொறுப்புரிமை முழுவதும் தாயிடமே இருக்கும். குழந்தைக்கு எந்த மருத்துவம், எந்த ஊரில் குடியிருப்பது, எந்தப் பள்ளி என்பதையெல்லாம் அவர் ஒருவரே தீர்மானிக்கலாம். மகளின் தாய்க்கு ஊரைவிட்டுப் போகும் எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் குழந்தையோடு போய்விடுவாரோ என்ற பயம் இரவு இரண்டு மணிக்கு எனக்கு வந்துகொண்டேயிருந்தது. மதுரையில் வழக்கறிஞராக இருக்கும் சித்தப்பாவிடம் புலம்பியபோது, "இங்கே மட்டும் என்ன வாழுது?" என்று கேட்டுவிட்டு, 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தை எடுத்துச் சொன்னார். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு அதன்படி தாயே முதல் காப்பாளர்; தந்தையின் முறை அவருக்குப் பின்னரே வரும். அம்மாவோ, தாலி கட்டியிருந்தால் இதெல்லாம் வந்திருக்குமா என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்.

குடும்ப நீதிமன்றத்தில் கூட்டுப் பொறுப்புரிமை கேட்டு மனு போட்டேன். 2010-க்கு முன் என்றால், தாய் மறுத்த பிறகு இப்படி ஒரு மனு போடவே பெரும்பாலும் வழி இருந்திருக்காது. 1998-ஆம் ஆண்டின் சீர்திருத்தம் கூட்டுப் பொறுப்புரிமையை அனுமதித்தாலும், தாயின் சம்மதத்தை அதற்குப் பூட்டாக வைத்திருந்தது. அந்தப் பூட்டை உடைத்தவர் ஹோர்ஸ்ட் சௌனெகர் என்ற தந்தை. 1995-இல் பிறந்த அவருடைய மகள், பெற்றோர் 1998-இல் பிரிந்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவருடைய வீட்டிலேயே வளர்ந்தாள். அப்போதும் சட்டத்தின் கண்ணில் அவருக்குப் பொறுப்புரிமை இல்லை. ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இது பாகுபாடு என்று 2009 டிசம்பர் 3 அன்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றமும் அந்த விதியைத் தள்ளியது. 2013 மே 19 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. சௌனெகர் வென்றபோது, அவர் யாருக்காகப் போராடத் தொடங்கினாரோ அந்தக் குழந்தை பதின்பருவத்தை எட்டியிருந்தாள் என்பதை நான் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

இப்போதைய சட்டப்படி, நீதிமன்றம் தாய்க்குப் பதிலளிக்க அவகாசம் தருகிறது. குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகும் முன் அந்த அவகாசம் முடியாது. குழந்தையின் நலனுக்கு எதிரான காரணம் எதுவும் முன்வைக்கப்படாவிட்டால், கூட்டுப் பொறுப்புரிமையே வழங்கப்படும். அந்த மட்டில் எனக்குக் கவலையில்லை. நான் இடறியது வேறிடத்தில். பொறுப்புரிமையோடு சேர்த்து, குழந்தை வாரத்தில் பாதி நாள் என் வீட்டில் வளர வேண்டும் என்றும் கேட்டேன். பெற்றோரில் ஒருவர் எதிர்த்தாலும் அப்படி உத்தரவிடலாம் என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருந்தது என் கையிலிருந்த துருப்புச் சீட்டு. பெற்றோர் ஒருவரோடொருவர் பேசி ஒத்துழைக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும், அந்த ஏற்பாடு குழந்தைக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்வதை நான் வேகமாகப் படித்துக் கடந்திருந்தேன். தாய்ப்பால் குடிக்கும் ஐந்து மாதக் குழந்தையை நாள் கணக்கில் பிரித்துக் கேட்கிறீர்களே என்று நலத்துறை அலுவலர் வருத்தத்தோடு கேட்டபோது, அவர் தாயின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மகளுக்கு எட்டு மாதமானபோது வேலை நிமித்தம் பதினாறு நாள் வெளியூரில் இருக்க நேர்ந்தது. திரும்பி வந்து கையை நீட்டினேன்; அவள் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டாள். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னதும், "அது வேத்து முகம்டா, உன் அப்பாகிட்டயும் நீ அப்படித்தான் அழுதே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு நாள் என்பது எனக்கு ஒரு பயணம். அவளுக்கோ அது நான் வேற்றாளாவதற்குப் போதுமான காலம். வாரத்தில் மூன்றரை நாள் என்று நான் போட்ட கணக்கில், அவள் என்னை எத்தனை நாள் இடைவெளியில் பார்ப்பாள் என்ற கேள்வியே இருக்கவில்லை.

அதன் பிறகு 'பாதி' என்ற சொல்லை மனுவிலிருந்து எடுத்துவிட்டு, 'அடிக்கடி' என்பதைக் கேட்டேன். திங்கள், புதன், சனி என்று இரண்டு அல்லது மூன்று மணி நேரம். முதலில் அவர்கள் வீட்டில், பிறகு பூங்காவில், காய்கறி மசியல் ஊட்டத் தொடங்கியதும் என் வீட்டில். குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதும் என் பொறுப்பில் வந்தன. வேடிக்கை காட்டிவிட்டுப் போகும் விருந்தாளியாக இருப்பதைவிட அது எவ்வளவு கடினம் என்பதைத் தூங்காத பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தவர்கள் அறிவார்கள். பணத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை: குழந்தைக்கான தொகையோடு, குழந்தைக்கு மூன்று வயதாகும் வரையிலாவது தாயின் பராமரிப்புக்கும் நான் தர வேண்டும், அது நியாயம்தான்.

மகளுக்குப் பதினொரு மாதமானபோது, நீதிமன்றம் முடிவெடுக்கும் முன்பே, இரண்டாவது தாளில் கையொப்பமிடலாம் என்று அவள் தாயே சொன்னார். அதே அலுவலகத்துக்குப் போனோம். மேசையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்த மகளை அலுவலர் நகர்த்த வேண்டியிருந்தது. பதினான்காவது மாதத்தில் முதன்முறையாக என் வீட்டில் இரவு தங்கினாள். மூன்று மணிக்கு எழுந்து அழுதாள், நாலே காலுக்குத் தூங்கினாள். பாதிப் பாதி என்ற பேச்சை அவள் மழலையர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு மீண்டும் எடுக்கலாம் என்று நான் நினைக்கிறேன். அதுவும் சீக்கிரம்தான் என்கிறார் அவள் தாய். இதில் நாங்கள் இன்னும் உடன்படவில்லை.