உப்புக்கும் எண்ணெய்க்கும் உரிய மது: ஹெரேஸில் ஒரு மாலை

ஷெர்ரி என்றதும், விருந்து முடிந்தபின் சிறு கோப்பையில் பரிமாறப்படும் இனிப்பான பழுப்பு நிற மதுவையே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அந்த மது பிறக்கும் தென் ஸ்பெயினில், ஹெரேஸ் தெ லா ஃப்ரோன்தேரா நகரிலும் அதன் அண்டை ஊர்களான சான்லூக்கர் தெ பர்ரமேதா, எல் புவேர்த்தோ தெ சாந்தா மரியாவிலும், மக்கள் உணவுக்கு முன்பும் உணவோடும் விரும்பி அருந்துவது இனிப்பே இல்லாத, வெளிர் வைக்கோல் நிறமுள்ள ஃபினோவையும் மன்சனியாவையும்தான். ஹெரேஸில், மதுவை முதிரவைக்கும் ஒரு போதேகாவில் நடந்த ஷெர்ரி, தபாஸ் (சிறு தட்டு உணவுகள்) சுவைப்பு மாலையில் கலந்துகொண்ட பிறகு, இந்த மதுவைத் தனியே சுவைத்துத் தீர்ப்புச் சொல்வது அதற்கு இழைக்கும் அநீதி என்று உறுதியாக நம்புகிறேன்.

போதேகா என்பது இங்கே நிலவறை அன்று. தடித்த சுவர்களும் மிக உயர்ந்த கூரையும் கொண்டு, தரைமட்டத்துக்கு மேலே எழுப்பப்பட்ட பெரிய கூடம் அது. கோரைப் பாய்த் திரையிட்ட உயரமான சன்னல்கள் வழியாக அட்லாண்டிக் கடலின் ஈரமான மேல்காற்று உள்ளே வருகிறது. மஞ்சள் மண் பரப்பிய தரையில் அவ்வப்போது தண்ணீர் தெளிக்கிறார்கள். இத்தனை ஏற்பாடும் பீப்பாய்க்குள் மதுவின் மேல் படரும் ஃப்ளோர் என்னும் ஈஸ்ட் படலத்துக்காக. வெப்பம் மிகுந்தாலோ ஈரம் குறைந்தாலோ அது நலிந்துவிடும். முகப்பில் கண்ணாடி பொருத்திய ஒரு பீப்பாயில் அந்தப் படலத்தைக் காட்டினார்கள். சுருக்கம் விழுந்து, தந்த வெண்மையில், மது முழுவதையும் மூடிக் கிடந்தது. சுமார் 600 லிட்டர் கொள்ளும் பீப்பாயில் ஏறத்தாழ 500 லிட்டரே நிரப்பி, படலம் மூச்சுவிட மேலே இடம் விடுகிறார்கள். பாலோமினோ திராட்சையிலிருந்து வந்த மதுவோடு திராட்சைச் சாராயம் சேர்த்து ஆல்கஹாலை 15 விழுக்காட்டு அளவில் நிறுத்தினால் ஃப்ளோர் வாழும். 17-க்கு மேல் கொண்டுபோனால் வாழாது. ஃபினோவாகுமா, ஃப்ளோரின்றிக் காற்றுப்பட்டு முதிரும் ஒலோரோசோவாகுமா என்பதை இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது.

மாலையை நடத்தியவர் வெனென்சியாவைக் கையில் எடுத்தார். நீண்டு வளையும் காம்பின் நுனியில் ஒடுக்கமான சிறு குவளை பொருத்திய கருவி அது. பீப்பாயின் வாய்க்குள் அதைச் செங்குத்தாக, ஒரே வேகத்தில் இறக்கினார். படலம் கலையாமல் துளைத்துக்கொண்டு தெளிந்த மதுவை அடைய வேண்டும் என்பதால் அந்த வேகம். பிறகு தலைக்கு மேல் உயர்த்தி, இடுப்பருகே பிடித்திருந்த கோப்பையில் நூல் போன்ற தாரையாக ஊற்றினார். வெளியே ஒரு துளியும் சிந்தவில்லை.

முதல் ஃபினோவை வேண்டுமென்றே உணவில்லாமல் தந்தார்கள்; நல்ல முடிவு. ஈர மாவின் வாசனை, பாதாம் தோலின் மெல்லிய கசப்பு, பிறகு நாவை உலர்த்திவிடும் ஒரு கடுமை. பக்கத்தில் நின்ற சிலர் முகம் சுளித்தனர். சர்க்கரையோடு, வாயில் வழவழப்புத் தரும் கிளிசராலையும் ஃப்ளோர் பெருமளவு தின்றுவிடுவதால் வருவது அந்த வறட்சி. அடுத்து வறுத்து உப்பிட்ட மர்கோனா பாதாமும் ஆலிவ் காய்களும் வந்தன. அதே கோப்பையிலிருந்து அடுத்த மிடறு அருந்தியபோது கடுமை போன இடம் தெரியவில்லை. உப்பு அதன் கசப்பை அடக்க, பின்னே ஒளிந்திருந்த கொட்டைப் பருப்பின் மணம் முன்னால் வந்தது. வினிகரில் ஊறிய நெத்திலியும் அப்படியே. புளிப்பு மிகுந்த வெள்ளை ஒயினோடு வினிகர் மோதும். ஃபினோவில் புளிப்புக் குறைவு என்பதால் மோதலுக்கு இடமில்லை.

அன்றைய தட்டுகளில் என் மனத்தில் நிலைத்தது காதிஸ் மாகாணத்துக்கே உரிய தோர்த்தியித்தா தெ கமரோனெஸ். கடலை மாவும் கோதுமை மாவும் சேர்த்து நீர்க்கக் கரைத்து, வெங்காயமும் பார்ஸ்லி இலையும் பொடியாக நறுக்கிப் போட்டு, நகத்தளவே உள்ள இறாலை ஓடோடு கலந்து, சூடான ஆலிவ் எண்ணெயில் மெல்லிசாகப் பரப்பிப் பொரிக்கிறார்கள். ரவா தோசையின் ஓரத்தைப் போலக் கண்கண்ணாகச் சிவந்து வருகிறது. கடித்ததும் எண்ணெயும் கடல் உப்பும் வாயில் படிகின்றன. குளிர்ந்த ஃபினோ ஒரு மிடறு அதை முழுவதும் துடைத்து, அடுத்த வாய்க்கு நாவைத் தயார் செய்துவிடுகிறது. இந்த ஊரார் ஏன் பொரித்த மீனுக்கு வேறு மதுவைத் தேடுவதில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

நீந்துபவற்றுக்கு ஃபினோ, பறப்பவற்றுக்கு அமோன்டியாடோ, ஓடுபவற்றுக்கு ஒலோரோசோ என்று ஒரு வழக்குச் சொல் அங்கே உண்டு. பெரும்பாலும் சரியே என்றாலும், நீந்தாத, பறக்காத, ஓடாத காய்கறிகளை அது விட்டுவிடுகிறது. ஃப்ளோரின் கீழ் சில ஆண்டுகள் இருந்து, படலம் மறைந்தபின் காற்றுப்பட்டு முதிர்ந்த அமோன்டியாடோவைப் பூண்டோடு வதக்கிய காளானுடன் தந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று தேடி வந்தவை போல் பொருந்தின. பல ஒயின்களின் சுவையைக் கெடுக்கும் ஆர்ட்டிசோக்கும் அதனோடு இயல்பாக இணங்கியது. சைவ உணவினர் ஷெர்ரி மாலைகளை அஞ்சி ஒதுக்கத் தேவையில்லை என்று இதைக் கொண்டே சொல்வேன்.

ஒலோரோசோவுடன் அதே மதுவில் நெடுநேரம் வேகவைத்த பன்றிக் கன்னக்கறி வந்தது. நிறைவான சேர்க்கைதான், ஆனால் அதற்குள் பேச்சு சோலேரா முறைக்குத் திரும்பியிருந்ததால் என் கவனமும் அங்கே போயிற்று. அடியில் இருக்கும் பீப்பாய் வரிசையிலிருந்து ஒரு பகுதியை மட்டுமே விற்பனைக்கு எடுக்கிறார்கள். அந்த இடத்தை மேல் வரிசையின் இளைய மது நிரப்புகிறது, அதன் இடத்தை அதனினும் இளையது. எந்தப் பீப்பாயும் முழுவதும் காலியாவதில்லை. அதனால்தான் பெரும்பாலான ஷெர்ரி புட்டிகளில் விளைச்சல் ஆண்டு அச்சிடப்படுவதில்லை.

வெயிலில் உலர்த்திய திராட்சையிலிருந்து வரும் பெத்ரோ ஹிமேனெஸ் இறுதியில் வந்தது. கருப்பாக, பாகின் அடர்த்தியில், உலர் அத்திப்பழச் சுவையோடு இருந்தது. நீலப் பாலாடைக்கட்டியுடன் ஒரு கரண்டி போதும்.

வீட்டில் முயல விரும்புவோருக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். ஃபினோ புட்டியில் வைத்து முதிர்த்துவதற்குரிய மது அன்று. புதிதாக வந்ததையே வாங்குங்கள், கிடைத்தால் அரைப் புட்டி. 7 முதல் 9 டிகிரி வரை குளிர்வித்து, ஒடுக்கமான சிறு கோப்பையை விடச் சாதாரண வெள்ளை ஒயின் கோப்பையில் ஊற்றுங்கள். மணம் நன்றாக எழும். திறந்த புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். ஒலோரோசோ ஏற்கெனவே காற்றோடு பழகியது. அது சில வாரங்கள் தாங்கும்.