மிஞ்சிய ஒரு துண்டு

ஜன்னல் மாட்டியவர்கள் அறுத்துப் போட்ட அலுமினியத் துண்டு ஒன்று மேசையில் கிடக்கிறது. வெட்டுமுகத்தைப் பார்த்தால் ஒரு சின்ன வீட்டு வரைபடம் மாதிரி இருக்கிறது: இரண்டு அறைகள், ரப்பர் பீடிங் உட்கார ஒரு பள்ளம், ஸ்க்ரூ ஏற வாய் பிளந்த ஒரு வளையம். இத்தனையும் ஒரே தள்ளில் வந்தவை.

உருக்கி வார்ப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். பில்லெட் என்கிற உருளைக் கட்டியை 450-500 டிகிரி வரைதான் சூடாக்குகிறார்கள். திடமாகவே இருக்கும், ஆனால் இளகியிருக்கும். ஹைட்ராலிக் பிரஸ் அதை டை வழியாக, அதாவது வேண்டிய வடிவத்தில் துளை வெட்டிய எஃகுக் கட்டை வழியாக, பற்பசை மாதிரி பிதுக்கிவிடும்.

சரி, உள்ளே அந்த வெற்று அறைகள் எப்படி விழுகின்றன? டைக்குள் ஒரு பாலம், அதைப் பிடித்தபடி நடுவில் ஒரு அச்சு. உலோகம் பாலத்தில் மோதி இரண்டு மூன்றாகப் பிரிந்து, தாண்டியதும் அந்த அழுத்தத்திலேயே மறுபடி ஒட்டிக்கொள்கிறது. உருகாமலே! இதை நம்ப எனக்கு இரண்டு வீடியோ தேவைப்பட்டது.

அப்புறம் ஆற்றுவது, இழுத்து நேராக்குவது, சூளையில் சில மணி நேரம் வைத்து உரமேற்றுவது. அதற்கு முன்னால் இந்த அலுமினியச் சட்டம் கொஞ்சம் நோஞ்சான்தான்.

துண்டைக் கையில் எடுத்தால் அறுத்த ஓரத்தைத் தடவாதீர்கள். தடவிவிட்டு, ஒரு விரலை மடக்கிக்கொண்டுதான் டைப் செய்கிறேன்.