தலைத் திவசம் முடிந்து தண்ணீர்மலை ஏறினோம்

வீட்டில் ஒருவர் தவறினால் ஓராண்டுக்கு மலைக்கோயில் ஏறக் கூடாது. எங்கள் பாட்டி விடாமல் காத்துவரும் வழக்கம் இது. தாத்தா போன ஆனி மாதம் காலமானார். அதனால் இந்தத் தைப்பூசத்துக்கு எங்கள் குடும்பத்தில் யாரும், மலேசியாவின் பினாங்குத் தீவில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் போகவில்லை. பினாங்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பூசத்தன்று வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். மேளச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாட்டி எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தார்.

ஆனியில் தலைத் திவசம் நல்லபடியாக முடிந்தது. படையல் எடுத்துக் காக்கைக்குச் சோறு வைத்ததும் பாட்டியே சொன்னார்: "இனிமே போகலாம்யா. வர்ற சனிக்கிழமை எல்லாரும் போய் முருகனைப் பார்த்துட்டு வாங்க. அவர் போற மாதிரி பூந்தோட்டம் வழியாப் போங்க."

தாத்தா ஒருநாளும் நேராகக் கோயிலுக்குப் போனவர் இல்லை. முதலில் தாவரவியல் பூங்காவுக்குள் ஒரு சுற்று, அப்புறம்தான் கோயில். பூங்கா, அருவி, மலைக்கோயில் எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயர் பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில் இந்தப் பூங்காவை உருவாக்கினார். கல்லை வெட்டியெடுத்த பள்ளத்தில் இத்தனை மரம் நிற்கிறதே என்பது தாத்தாவுக்குத் தீராத வியப்பு.

அவர் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே பால்மரம் வெட்டப் போய்விட்டார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் சுரப்பது குறைந்துவிடும் என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரத்துக்கு மரம் நடப்பார்கள். அந்த நடை அவர் உடம்பில் தங்கிவிட்டது. பிறகு தீவுக்குக் குடிவந்து தோட்டப் பராமரிப்பு வேலையில் சேர்ந்து, ஓய்வும் பெற்றார். எழும் நேரம் மட்டும் மாறவில்லை. பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் தலைகாட்டும். தாத்தா ஐந்தரைக்கே குளித்துத் திருநீறு பூசி, கருப்பு ரப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தோளில் ஒரு துண்டு, கையில் மூங்கில் கழி, பையில் தண்ணீர்ப் புட்டி, அட்டைப்பூச்சிக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு. அவ்வளவுதான் அவருடைய யாத்திரைச் சாமான்.

சனிக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் இருட்டு கலையவில்லை. அம்மா, மாமா, நான், என் பிள்ளைகள் இருவர். நாகலிங்க மரத்தடியில் மாமா நின்றார். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது. பூவுக்குள் லிங்கமும் மேலே படமெடுத்த நாகமும் இருப்பதாக நாம் பார்க்கிறோம். தாத்தா அந்தப் பூவைப் பறிக்கவே மாட்டார். கீழே உதிர்ந்ததில் வாடாத ஒன்றைப் பொறுக்கி, துண்டில் முடிந்துகொள்வார். "மரமாக் கொடுத்தா வாங்கிக்கணும். நாமா புடுங்கினா அது பூசைக்கு ஆகாது" என்பார். அன்றும் இரண்டு பூக்கள் உதிர்ந்து கிடந்தன. என் மகள் எடுத்துக்கொண்டாள்.

பூங்காவில் குரங்குகளுக்குத் தீனி போடத் தடை இருக்கிறது. தாத்தா அதற்கு முந்தியே இதில் கண்டிப்பானவர். சாமி கும்பிட வருகிறவர்கள் வாழைப்பழத்தை நீட்டினால் போய்த் தடுப்பார். காட்டில் தேடித் தின்னும் உயிரைக் கையேந்த வைப்பது புண்ணியமாகாது என்று எங்களுக்குச் சொல்வார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகள் உயரக் கிளைகளில் கூட்டமாகத் தாவும்போது மட்டும், கழியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். அவை போய் மறையும்வரை யாரும் பேசக் கூடாது.

பூங்கா வாசலிலிருந்து கொடிமலைக்கு, அதாவது பினாங்கு ஹில்லுக்கு, ஜீப் போகும் தார்ச்சாலை ஒன்று ஏறுகிறது. சுமார் 5 கிலோமீட்டர். மூச்சு வாங்கும் செங்குத்து. 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் இருக்க, தாத்தா வாரம் தவறாமல் இந்த வழியாகத்தான் நடந்தே போவார். நடுவில் இளைப்பாறும் கொட்டகைகள் உண்டு. வயதான சீனத் தாத்தாக்கள் தண்ணீரை மேலே சுமந்து வந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றுவார்கள். எங்கள் தாத்தாவும் தன் பங்குக்கு ஒரு பெரிய புட்டித் தண்ணீரைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவார். அவருக்குச் சீனம் வராது, அவர்களுக்குத் தமிழ் வராது. சந்தை மலாயில் பேசிக்கொள்வார்கள். அவர் இறந்தபோது அந்தக் கூட்டத்தில் நாலைந்து பேர் வந்து, எங்கள் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றார்கள். உச்சியில் திருமுருகன் கோயிலும் பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து கெடா மாநிலத்துக் குனோங் ஜெராய் மலை தெரியும். "அதோ கடாரத்து மலை. அங்கே அந்தக் காலத்திலேயே நம்ம ஆளுங்க கோயில் கட்டினாங்க" என்று பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இறங்கும்வரை நிறுத்த மாட்டார்.

அன்று நாங்கள் கொடிமலைக்குப் போகவில்லை. அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்காது. தண்ணீர்மலைக்கே வந்தோம். அடிவாரத்தில் பிள்ளையாருக்கு ஒரு நாகலிங்கப் பூ. அதன் பிறகு 513 படிகள்.

முன்காலத்தில் அருவிக்கரையில் இருந்த முருகன், நகரத்துக்குக் குடிநீர் எடுக்க அருவியை அரசாங்கம் வாங்கிக்கொண்டபோது இந்த மலைக்கு மாறினார் என்று தாத்தா சொல்வார். தைப்பூசத்தில் வெள்ளி ரதம் வரும் கதையும் அவருக்கு மனப்பாடம். காரைக்குடியிலிருந்து கப்பலேறி 1894இல் வந்த ரதம் அது. பினாங்குச் சாலையில் இல்லை, பினாங்குத் தெருவில் இருக்கும் கோயில் வீட்டிலிருந்துதான் புறப்படுகிறது என்று வெளியூர்க்காரர்களைத் திருத்துவார். ரதம் வரும் வழியில் மலையாகக் குவித்த தேங்காய்களைச் சீனர்களும் நம்மவர்களும் தோளோடு தோள் நின்று சிதறவிடுவதைப் பார்ப்பதில் அவருக்குத் தனிச் சந்தோஷம். 2012 ஜூனில் புதிய மலைக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தபோது, புனித நீர் மேலே தெளித்ததும் குழந்தை மாதிரி அழுதார். நான் பார்த்தேன்.

படிகளில் அம்மா அடிக்கடி உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் மாமா, "அப்பா இங்கதான் நிப்பாட்டி மூச்சு விடச் சொல்வார்" என்றார். அது உண்மையும்கூட. தாத்தாவுக்கு அவசரமே கிடையாது. ஓடி ஏறும் இளைஞர்களைப் பார்த்து, "தம்பி, சாமி எங்கேயும் போயிட மாட்டார். மரத்தையும் கொஞ்சம் பாருங்க" என்பார். மலையும் காடும் முருகனுடைய நிலம் என்று நம் முன்னோர் வகுத்ததை அவர் ஏட்டில் படித்தவரல்லர். துடுப்புவால் கரிச்சான் கூவினால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அருவியில் கால் வைக்குமுன் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சன்னதிக்குள் அவர் கும்பிட்ட நேரம் மிகக் குறைவு. கண்ணை மூடித் திறப்பதற்குள் வெளியே வந்துவிடுவார். சின்ன வயதில் எனக்கு அது விளங்கியதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்தே அவர் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது இப்போது தெரிகிறது.

மேலே கூட்டம் இல்லை. பாலதண்டாயுதபாணிக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. பால் வழிந்த கோலத்தில் ஒரு தரிசனம். அப்புறம் திரை போட்டு, ராஜ அலங்காரத்தில் இன்னொன்று. குருக்கள் குடும்பத்தார் அனைவரின் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அம்மா வழக்கம்போல் தாத்தாவின் பெயரில் ஆரம்பிக்கப் போய், பாதியில் நிறுத்தி, பாட்டியின் பெயரைச் சொன்னார். அர்ச்சனை முடியும்வரை முந்தானை முகத்திலிருந்து இறங்கவில்லை. இரண்டாவது பூவைக் குருக்கள் வாங்கி முருகன் பாதத்தில் வைத்தார்.

வெளியே வந்து ஜார்ஜ்டவுனையும் கடலையும் அக்கரையையும் பார்த்துக்கொண்டு சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். அப்போதுதான் மாமா அந்தச் சாக்குப் பையைப் பற்றிப் பேச்செடுத்தார். பூசம் முடிந்த மறுநாள் காலையில் தாத்தா ஒரு கோணிச் சாக்கோடு இந்த மலைக்கு வந்து, படியோரப் புதர்களில் கிடக்கும் புட்டிகளையும் பிளாஸ்டிக் பைகளையும் பொறுக்குவார். யாரையும் துணைக்கு அழைத்ததில்லை. இந்த வருடம் அந்த வேலையும் நின்றுபோனது.

வருகிற பூசத்துக்கு மறுநாள் மாமா வேலைக்கு விடுப்பு எடுக்கிறார். நானும் பிள்ளைகளும் கையுறையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறோம். கொட்டகைத் தாத்தாக்களிடமும் சொல்லிவிடலாம் என்றார் அம்மா. வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னோம். "அந்தச் சாக்கு கொல்லையில்தான் கிடக்கு, துவைச்சு வைக்கிறேன். எத்தனை பேரு வருவாங்கன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லுங்க, மோர் கரைக்கணும்" என்றார்.