கியூபெக்கில் டொபாகன் தலையில் ஏறாது

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மலைப்பகுதியில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தபோது, நான் தங்கியிருந்த வீட்டின் பாட்டியம்மாள், வெளியே கிளம்பும்போதெல்லாம் வாசல்வரை வந்து, "டொபாகனைப் போட்டுக்கொண்டாயா?" என்று கேட்பார். அந்தப் பக்கத்தில் டொபாகன் என்றால், காதை மூடும்படி இழுத்துவிட்டுக்கொள்ளும் கம்பளிக் குல்லா. மார்கழிப் பனியில் மஃப்ளர் இல்லாமல் படி இறங்கவிடாத என் அம்மாவின் குரல் அதில் கேட்டதால், அந்தச் சொல்லை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த ஜனவரியில் கனடாவின் கியூபெக் நகரத்தில் இறங்கியபோது, குல்லாவை ரயிலிலேயே மறந்துவிட்டிருந்தேன். காதுமடல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர். எதிர்ப்பட்ட கடையில் நுழைந்து டொபாகன் கேட்டேன். "எத்தனை பேருக்கு?" என்றார் கடைக்காரர். எனக்கு மட்டுந்தான் என்றதும், உள்ளே போய், ஏறக்குறைய என் உயரத்துக்கு, முன்முனை சுருண்டு வளைந்திருந்த மரப்பலகை ஒன்றைத் தூக்கிவந்து சுவரில் சாய்த்தார். இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக் காட்டிய பிறகே அவருக்கு விளங்கியது. "ஓ, டூக்!"

டூக் அங்கே வெறும் குல்லா அன்று. 1837-38 கிளர்ச்சியில் எழுந்த உழவர்களின் அடையாளம் அது. குளிர்காலத் திருவிழாவின் பனிமனிதன் பொனோம் இன்றும் சிவப்பு டூக்கோடுதான் வருகிறான். குல்லா வடிவப் பாறை ஒன்றால் லா டூக் என்று பெயர் பெற்ற ஊரும் கியூபெக் மாகாணத்தில் உண்டு.

பனியில் சறுக்கும் அந்தப் பலகையின் டொபாகன் என்ற பெயரோ, பூர்வகுடியினரான மிக்மாக் மக்களின் மொழியோடு உறவுடையது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மற்றப் பனிச்சறுக்கு வண்டிகளுக்கு அடியில் இரண்டு சட்டங்கள் இருக்கும். டொபாகனில் அவை இல்லை. பலகை முழுவதும் தரையில் படிவதால், புதுப்பனியில் பாரத்தோடு இழுத்தாலும் அது புதைவதில்லை. 1880களில் மொன்றியாலில் இந்தச் சறுக்கல் பெரும் மோகமாயிற்று. சறுக்கப் போனவர்கள் அணிந்த டொபாகன் தொப்பி, நாளடைவில் பின்பாதியை இழந்து வெறும் டொபாகன் ஆனது. பனி அருகிய தெற்கில் வண்டியை மறந்து குல்லாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பது என் ஊகம்.

வாங்கிய டூக்கைப் போட்டுக்கொண்டு, அந்நகரத்து உலாவிடமான டஃபரின் மேடைக்குப் போனேன். 1884இல் தொடங்கிய சறுக்குத்தடம் அங்கே இருக்கிறது. பலகையை நாமே கயிற்றால் மேலே இழுத்துச் செல்ல வேண்டும். இறங்கும்போது வேகம் மணிக்கு 70 கி.மீ. வரை போகும் என்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற பாரிஸ்காரர், தம் ஊரில் டொபாகன் என்றால் பூங்காவில் குழந்தைகள் விளையாடும் சறுக்குமரம் என்றார். போதாக்குறைக்கு, உள்ளூர்ப் பிரெஞ்சில் இந்தப் பலகைக்கு 'ட்ரேன் சோவாழ்' என்று வேறு பெயர்.

அன்று மாலை பாட்டியம்மாளைத் தொலைபேசியில் அழைத்து, டொபாகனில் உட்கார்ந்து மலைச்சரிவில் சறுக்கி இறங்கியதைச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

"கிழிந்துவிட்டதா?" என்றார்.