காலாண்டின் கடைசி மூன்று நாட்கள்

நிறுவனங்களின் நெறிமுறைக் கையேட்டைப் புரட்டினால் லஞ்சத்துக்கு ஒரு அத்தியாயம், பரிசுப் பொருளுக்கு ஒரு அத்தியாயம் இருக்கும். காலாண்டு முடியப்போகும் கடைசி மூன்று நாட்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஆனால் கணக்குப் பிரிவிலும் விற்பனையிலும் இருக்கும் பலருக்கு நேர்மையின் சோதனை வருவது அப்போதுதான். இலக்கை எட்டிக் காட்ட மேலிடம் கேட்பதும் பெரிய குற்றமாகத் தோன்றாது. ஒரு பில்லின் தேதி, ஒரு செலவின் தலைப்பு, அவ்வளவுதான்.

அதிகம் நடப்பது தேதி விளையாட்டு. சரக்கு அடுத்த மாதம் 3ஆம் தேதிதான் கிடங்கை விட்டுக் கிளம்பும்; பில் மட்டும் 30ஆம் தேதியில் போடச் சொல்வார்கள். ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 என்ற சர்வதேசக் கணக்கியல் தரத்தின்படி, பொருளின் கட்டுப்பாடு வாங்குபவர் கைக்குப் போனால்தான் அது வருமானம். கிடங்கிலேயே இருக்கும் சரக்குக்குப் பில் போடுவது எல்லாமே மோசடி என்றும் சொல்ல முடியாது. அப்படி வைத்திருக்கச் சொன்னதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும் (வாங்குபவரே கேட்டிருப்பது போல), அவருடைய சரக்கு தனியாக அடையாளமிட்டு வைக்கப்பட்டிருக்க வேண்டும், உடனே அனுப்பத் தயாராக இருக்க வேண்டும், வேறு யாருக்கும் திருப்பிவிட முடியாததாக இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வருமானம் இந்தக் காலாண்டுக்கு உரியதல்ல.

இன்னொன்று, டீலர் தலையில் சரக்கைக் கட்டுவது. 'விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்' என்று வாய்வார்த்தையாகவோ தனிக் கடிதமாகவோ ஒரு வாக்குறுதி போகும். அந்தக் கடிதம் கணக்குப் பிரிவின் கண்ணில் படாமல் இருப்பதுதான் முழு ஏற்பாடும்.

'இந்த ஒரு தடவை மட்டும்' என்று சொல்வதை நம்புகிறவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இலக்கு 100, உண்மையான விற்பனை 92 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த காலாண்டிலிருந்து 8ஐ முன்னதாக எடுத்து 100 காட்டியாயிற்று. அடுத்த காலாண்டிலும் சந்தை 92தான் தருகிறது என்றால், ஏற்கனவே எடுத்த 8 போக 84தான் மிச்சம். இப்போது 16 தேவை. அதற்கடுத்து 24. நான்காவது காலாண்டில் 32. இலக்கு ஏறவே ஏறாது என்று வைத்துக்கொண்டுதான் இது. நடைமுறையில் இலக்கு வருடா வருடம் ஏறும். ஒரு தடவையோடு நிறுத்த வேண்டுமென்றால், நிறுத்துகிற காலாண்டில் எல்லாக் கடனும் சேர்ந்து தெரியும். அதனால்தான் யாரும் நிறுத்துவதில்லை.

அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காமில் நடந்தது இதேதான்; அங்கே விளையாட்டு விற்பனையில் அல்ல, செலவில். பிற நிறுவனங்களின் தொலைத்தொடர்பு இணைப்புகளைப் பயன்படுத்தக் கொடுக்கும் கட்டணம் அதற்குப் பெரிய செலவு. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் கொடுக்க வேண்டிய செலவுகளுக்காகக் கணக்கில் வைத்திருந்த ஒதுக்கீடுகளிலிருந்து 82.8 கோடி டாலரை எடுத்து அந்தச் செலவைக் குறைத்துக் காட்டினார்கள். இந்த என்ட்ரியை (கணக்குப் பதிவை) போட்ட கணக்காளர்களில் சிலர் ராஜினாமா செய்ய எண்ணினார்கள்; இனி இப்படி நடக்காது என்று சமாதானம் செய்யப்பட்டது. 2001இல் ஒதுக்கீடு போதவில்லை. செலவையே நிலையான சொத்துத் தலைப்புக்கு மாற்றினார்கள்; அப்போது அது அந்த ஆண்டின் லாபத்தை முழுதாகக் குறைக்காது. 2002 ஜூனில் 380 கோடி டாலர் முறைகேடு என்று வெளியே வந்தது, ஜூலையில் நிறுவனம் திவால். தலைமை அதிகாரிக்கு 25 ஆண்டு, நிதித் தலைவருக்கு 5 ஆண்டு சிறை. இடைநிலைக் கணக்காளர்களும் தப்பவில்லை. மேலிடம் சொன்னதால் செய்தேன் என்பது தண்டனையைக் குறைத்திருக்கலாம், நீக்கவில்லை.

சரி, கேட்டுவிட்டார்கள், என்ன செய்வது? 'இது தப்பு சார்' என்று முதல் வாக்கியத்திலேயே ஆரம்பித்தால் பேச்சு உங்கள் விசுவாசத்தைப் பற்றியதாகத் திரும்பிவிடும். 'இந்த என்ட்ரிக்கு எந்த ஆவணத்தை இணைக்கட்டும்? வந்ததும் போட்டுவிடுகிறேன்' என்று கேளுங்கள். பாதிக் கோரிக்கைகள் இங்கேயே கைவிடப்படும், ஏனென்றால் எழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பதே அவற்றின் நிபந்தனை. மீண்டும் வற்புறுத்தினால் அன்றைக்கே ஒரு மின்னஞ்சல்: 'இன்று பேசியபடி, இன்ன பில்லை இன்ன தேதியில் போடச் சொன்னீர்கள். சரக்கு அனுப்பிய சலான் 3ஆம் தேதியில் இருக்கிறது. எப்படிச் செய்யலாம் என்று சொல்லுங்கள்.' குற்றச்சாட்டு வேண்டாம், பெயரடை வேண்டாம், உண்மை மட்டும். அதற்கு மேல் நிறுவனத்தின் உள்தணிக்கைப் பிரிவு, பிறகு இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழு.

இங்கே பலர் சறுக்குவது ஆவணங்களில். ஆதாரம் வேண்டுமே என்று நிறுவனக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால், ரகசியக் காப்பு மீறல் என்று உங்கள் மேலேயே வழக்கு திரும்பலாம். தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்ற குறிப்பை நீங்களே எழுதி வையுங்கள். கோப்புகளைத் தொடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கையேடுகள் தொடாத இன்னொரு விஷயம் பணம். ஆறு மாதச் செலவுக்குக் கையில் சேமிப்பு இருப்பவர் முடியாது என்று சொல்வதும், மூன்று கடன் தவணை ஓடுகிறவர் சொல்வதும் ஒன்றல்ல. சம்பளம் ஏறும்போதெல்லாம் தவணையையும் ஏற்றிக்கொள்கிறவர், தெரியாமலேயே மறுக்கும் உரிமையை விற்றுக்கொண்டிருக்கிறார். அவர் மறுக்க முடியாமல் போவதைக் கோழைத்தனம் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இலக்கு வைக்கிறவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்ற அழுத்தத்தில், ஊழியர்கள் வாடிக்கையாளர் அனுமதியின்றி லட்சக்கணக்கான கணக்குகளைத் தொடங்கினார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. சுமார் 5,300 ஊழியர்களை நீக்கியதாக வங்கி சொன்னது. அத்தனை பேரும் பிறவியிலேயே நேர்மையற்றவர்கள் என்று நம்புவதைவிட இலக்கைச் சந்தேகிப்பது சுலபம்.

ஊக்கத்தொகையை பில் போட்ட அன்றே கொடுக்காமல், பணம் வசூலான பிறகு கொடுங்கள். 90 நாளுக்குள் சரக்கு திரும்பினால் கழித்துக்கொள்ளுங்கள். நாள்வாரி விற்பனையை வரைபடமாகப் போட்டு, கடைசி மூன்று நாளின் பங்கைப் பாருங்கள். 90 நாள் காலாண்டில் அது சீராக இருந்தால் மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டும். முப்பது சதவீதம் வந்தால் அடுத்த மாத முதல் இரு வாரங்களின் கிரெடிட் நோட்டுகளை (திரும்பிய சரக்குக்காக பில் தொகையைக் கழிக்கும் சீட்டுகளை) அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். டீலர்களிடம் சரக்கு எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று நேரில் போய் எண்ணுங்கள். விற்பனைப் பிரிவு தரும் பட்டியலை மட்டும் நம்பினால், அதில் அந்த எண்ணிக்கை எப்போதும் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.